ஆப்பிளுக்குள் ஒரு அரிசி மில்

எங்கள் சமயபுரத்தில் ஆப்பிள் என்றால் தள்ளுவண்டியில் விற்பது. கிலோ என்ன விலை என்றுதான் கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதில் அரிசி மில் கணக்கு எழுதினான் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். அந்த ஒருவன் அடியேன்.

மேக் நான் வாங்கியதல்ல. அவ்வளவு வசதி இருந்தால் எதற்குக் கட்டுரை எழுதிக்கொண்டு இருக்கிறேன்? சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மச்சினன், தான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டதால், பழைய மேக்புக் ஏரை என் மடியில் வைத்தான். "மச்சான், இதுல கதை எழுதிப் பாருங்க, சும்மா பறக்கும்" என்றான். கதை இன்னும் தரையிலேயேதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் நிஜமாகவே பறந்தது. சத்தம் கிடையாது. உள்ளே ஃபேனே இல்லையாம். என் பழைய டெஸ்க்டாப்பை ஆன் செய்தால் பக்கத்து வீட்டில் "மாவு அரைக்கிறீங்களா?" என்று கேட்பார்கள்.

தமிழ் எழுதவும் எதையும் தேடி இறக்க வேண்டியதில்லை. தமிழ்99, அஞ்சல் இரண்டு கீபோர்டும் உள்ளேயே இருக்கின்றன. 'தமிழ் சங்கம் எம்.என்.' என்று ஓர் எழுத்துரு இருக்கும், பாருங்கள். அந்த எம்.என். வேறு யாருமில்லை, முரசு அஞ்சல் செய்த மலேசியாக்காரர் முத்து நெடுமாறன்தான். கலிபோர்னியா கம்பெனியின் பெட்டிக்குள் தமிழுக்கு மனை வாங்கிப் போட்ட மனுஷன்.

ஆக, மேக்கில் தமிழுக்குச் சொந்த வீடு உண்டு. கணக்குக்குத்தான் இல்லை.

நான் பி.காம். கட்டுரையில் வரும் காசு காபிப் பொடிக்கும் கொசுவத்திக்கும் சரியாக இருக்கும். அரிசி, பருப்பு, பையனின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் வருவது கணக்கு வேலையில்தான். கோயில் தெருவில் இரண்டு கடை, ஒரு லாட்ஜ், மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில். மில்தான் பெரிய புள்ளி. எல்லாக் கணக்கும் டேலியில்.

டேலியைப் பற்றி ஆபீஸ் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1986-ல் பெங்களூரில் பிறந்தது. ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருள் சப்ளை செய்துகொண்டிருந்தார். தன் கணக்குக்குத் தோதான சாஃப்ட்வேர் கிடைக்காமல், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவையே ஒன்று செய்யச் சொன்னார். மகன் செய்தார். முதலில் டாஸில் ஓடியது, பிறகு விண்டோஸுக்கு வந்தது, அங்கேயே தங்கிவிட்டது. 2020-ல் பரத்துக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்பா சொன்ன வேலையைச் செய்த பிள்ளைக்கு பத்மஸ்ரீ கிடைத்த இந்த விஷயத்தை நான் என் அப்பாவின் காதில் போடவில்லை.

மேக்குக்கென்று டேலி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய டேலி ப்ரைம் வந்தது 2020 நவம்பரில். ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டு வந்ததும் அதே 2020 நவம்பரில்தான். பக்கத்துப் பக்கத்து மண்டபத்தில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். இந்த வீட்டாருக்கு அந்த வீட்டாரைத் தெரியாது.

எனக்கு இதெல்லாம் கவலையே இல்லாமல்தான் இருந்தது. மேக்கில் எழுத்து, டெஸ்க்டாப்பில் கணக்கு. 2025 ஜனவரி 13 வரைக்கும்.

அன்றைக்குப் போகி. பழசைக் கழிக்கும் நாள் என்று டெஸ்க்டாப்புக்கு யார் சொன்னார்களோ, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சின்ன வாசனையோடு அணைந்துவிட்டது. மதர்போர்டு. சர்வீஸ் பையனுக்குப் போன் போட்டால், பின்னால் பஸ் ஹாரன். "சார், ஊருக்குப் போய்க்கிட்டு இருக்கேன், திங்கக்கிழமை பார்ப்போம்." அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வருஷம் 17ஆம் தேதி வெள்ளிக்கிழமையையும் சேர்த்து லீவு விட்டதில், செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாள் பொங்கல். பேங்க் மட்டும் வெள்ளிக்கிழமை உண்டு.

அந்த வெள்ளிக்கிழமைதான் விஷயமே.

அரிசி மில் பக்கம் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தை பிறந்தால் சம்பா அறுவடை. நெல் வண்டி மில்லுக்கு வரும். எடை போட்ட கையோடு பணத்தை எண்ணி வைக்க வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்றால் விவசாயி வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த மில்லுக்குப் போய்விடுவார். போகத்தான் வேண்டும், அவருக்கும் கடன்காரன் வாசலில் நிற்கிறான். அந்தப் பணம் மில் முதலாளியின் பெட்டியில் இருப்பதல்ல, பேங்க்கில் கேஷ் கிரெடிட்டாக இருப்பது. கையில் எவ்வளவு சரக்கு, வெளியே எவ்வளவு பாக்கி என்று மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுத்தால், அதைப் பார்த்து பேங்க் 'டிராயிங் பவர்' போடும். ஸ்டேட்மென்ட் இல்லையென்றால் பவரும் இல்லை, பணமும் இல்லை.

மில் முதலாளி போன் செய்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை பேங்க்ல பேப்பர் குடுத்துரணும். சனிக்கிழமை லால்குடியிலேர்ந்து மூணு வண்டி வருது. வாக்கு குடுத்துட்டேன்."

"ஆகட்டும்ண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல?

மில்லில் கம்ப்யூட்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எடை மேடைக்கு ஒன்று. ஒருமுறை யாரோ அதில் சினிமா போட்டுப் பார்த்ததில் எடை காட்டாமல் போய், அன்று முதல் அதை எவனும் தொடக்கூடாது என்று திருநீறு பூசி வைத்திருக்கிறார். ஆடிட்டர் ஆபீஸும் திங்கட்கிழமைதான். டேலி பேக்கப் மட்டும் பத்தாம் தேதி வரைக்கும் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. எதிரே மேஜையில் மேக், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் காலேஜ் சிநேகிதனைப் பிடித்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "இன்டெல்லா, எம் சிப்பா?" மேல் மூலையில் ஆப்பிள் படத்தைத் தட்டி 'இந்த மேக் பற்றி' என்பதைத் திறந்தால் சொல்லிவிடும். எம்1.

"அப்ப பூட் கேம்ப் கிடையாது" என்றான்.

பூட் கேம்ப் என்பது 2006 ஏப்ரலில் ஆப்பிளே கொடுத்தது. அந்த வருஷம்தான் மேக்குக்கு இன்டெல் சிப் வைக்க ஆரம்பித்தார்கள். பெட்டியை ஆன் செய்யும்போதே மேக்கா, விண்டோஸா என்று தேர்ந்தெடுக்கலாம். பகலில் ஒருத்தர், ராத்திரி ஒருத்தர் தங்கும் பேச்சலர் ரூம் ஏற்பாடு. எம் சிப் வந்ததும் அதை மூடிவிட்டார்கள். (செகண்ட் ஹேண்டில் இன்டெல் மேக் மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்ப்பவர்களுக்கு: பூட் கேம்ப் விண்டோஸ் 10 வரைக்கும்தான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. மலிவுக்கு அர்த்தம் புரிந்திருக்கும்.)

"பேசாம ஒயின் போட்டுப் பாரேன்" என்றான் அடுத்தபடியாக.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "நாளைக்குப் பொங்கல், அதுவும் செவ்வாய்க்கிழமை, அம்மன் ஊர்ல உக்காந்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தவளை சமாதானப்படுத்த பத்து நிமிஷம் ஆனது. ஒயின் என்பது ஒரு சாஃப்ட்வேர். 1993-ல் லினக்ஸ்காரர்கள் ஆரம்பித்தது. இதில் விண்டோஸே வேண்டாம். விண்டோஸ் புரோகிராம் "ஃபைலைத் திற", "ஜன்னலைக் காட்டு" என்று கேட்பதையெல்லாம் இது மேக்குக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும். கிராஸ்ஓவர் என்று காசு கொடுத்து வாங்கும் ரகமும் உண்டு. சில புரோகிராம் ஜோராக ஓடும். சிலது பாதி ஓடி, நடுவில் உட்கார்ந்துவிடும். "வேலை வெட்டி இல்லாத நாள்ல பண்ணிப் பார்க்கலாம்டா, பேங்க் பேப்பருக்கு வேணாம்" என்று அவனே சொல்லிவிட்டான்.

மிச்சம் ஒரே வழி. மேக்குக்குள்ளேயே ஒரு பொய்க் கம்ப்யூட்டரைக் கட்டி, அதில் விண்டோஸைக் குடிவைப்பது. விர்ச்சுவல் மெஷின்.

இது புதுப் பழக்கமல்ல. 1997-லேயே மேக்குக்கு 'விர்ச்சுவல் பிசி' என்று ஒன்று விற்றார்கள். 2003-ல் அதை மைக்ரோசாஃப்டே வாங்கிக்கொண்டது. அதே 1997 ஆகஸ்டில்தான் பாஸ்டனில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் நிற்க, பின்னால் சினிமா ஸ்கோப் திரையில் பில் கேட்ஸ் முகம் தோன்றி, ஆப்பிளில் மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போடுகிற செய்தி வந்தது. கூட்டத்தில் கொஞ்சம் பேர் கூச்சல் போட்டார்கள். நம் ஊர் கூட்டணி அறிவிப்பு மாதிரிதான்.

எங்கள் ஊருக்கு இந்த ஏற்பாடு அதைவிடப் பழசு. சமயபுரம் என்கிற கண்ணனூர் 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள ராஜா வீர சோமேஸ்வரனின் தலைநகரம். கர்நாடகத்துக்காரர் இங்கே வந்து, சோழ தேசத்துக்குள் தன் தனி ராஜ்ஜியத்தை நடத்தியிருக்கிறார். போஜீஸ்வரர் கோயில் அந்தக் காலத்து அடையாளமாக இன்னமும் நிற்கிறது. ஒரு ராஜ்ஜியத்துக்குள் இன்னொரு ராஜ்ஜியம் ஓடும், இரண்டுக்கும் ஒரே காவிரித் தண்ணி. இப்போது பெங்களூர் டேலி வந்தால் மட்டும் என்ன?

ஆக, பேரலல்ஸ். 2006-லிருந்து இருக்கிறது. 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். எனக்கு வேண்டியதே நாலு நாள். எம் சிப் மேக்கில் எல்லா விண்டோஸும் ஓடாது, ஆர்ம் ரக விண்டோஸ் 11 வேண்டும். 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டே இதற்குச் சரி சொல்லிவிட்டதால் கள்ளத்தனம் ஒன்றுமில்லை. பேரலல்ஸ் தானே விண்டோஸைப் பதிவிறக்கிக் கொள்கிறது. கிட்டத்தட்ட 5 ஜி.பி. ஊர் முழுக்க போனும் கையுமாக பக்தர்கள் இருக்கிற செவ்வாய்க்கிழமை காலையில், செல்போன் ஹாட்ஸ்பாட்டில் 5 ஜி.பி.! வாசலில் பால் பொங்கி, குலவை விட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்தபோது விண்டோஸ் நீல ஜன்னலோடு வணக்கம் சொன்னது.

மேக்கின் மெமரி 8 ஜி.பி. அதில் பாதியை விருந்தாளிக்குக் கொடுத்தாயிற்று. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜி.பி.தான். அதற்குப் பிறகு மேக் பக்கம் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் வீடு முழுக்க மூச்சு வாங்கியது.

அடுத்து பென் டிரைவ். மேக்புக் ஏரில் அதைச் செருக ஓட்டையே கிடையாது! டைப்-சி வாய் இரண்டு, அவ்வளவுதான். திருச்சியாக இருந்தால் கடை பூட்டு. சமயபுரத்தில் செவ்வாய்க்கிழமை எந்தக் கடை பூட்டும்? கோயிலுக்குப் போகிற வழியில் பத்தி, சூடம், மஞ்சள் துணி விற்கும் கடையோடு ஒட்டிய செல்போன் கடையில் நூறு ரூபாய்க்கு ஓ.டி.ஜி. கிடைத்தது. அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

டேலியை நிறுவினேன். திறந்தது. திறந்ததும் 'எஜுகேஷனல் மோட்' என்றது. லைசென்ஸ் கொடுக்காத டேலியில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் கணக்கு எழுத முடியும். மாதத்துக்கு மூன்றே நாள். சம்பளக்காரர்களுக்கு இது பழகின காலண்டர்தான், ஆனால் மில்லுக்கு ஆகாது. மெயில் ஐ.டி., பாஸ்வேர்ட் கொடுத்து லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்ததும் மாதம் முழுசாக வந்தது.

உள்ளே நடப்பது என்ன தெரியுமா? டேலி பேசுவது இன்டெல் பாஷை. ஆர்ம் விண்டோஸ் அதை ஓடுகிற ஓட்டத்திலேயே மொழிபெயர்க்கிறது. ஒவ்வொரு வார்த்தையும் எங்கள் ஊர் டோல் பிளாசா வழியாகப் போகிற மாதிரி. ஆனால் ஃபாஸ்டேக் உண்டு, தேங்கி நிற்காமல் போகிறது. வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. டேலி கனமான வண்டி இல்லை என்பதும் ஒரு காரணம்.

தொல்லை வேறு இடத்திலிருந்து வந்தது. டேலிக்காரன் கை எப்போதும் மேல் வரிசையில்தான் இருக்கும். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். மேக்கில் அந்த வரிசைக்கு வேறு உத்தியோகம். தேதி மாற்ற எஃப்2-வை அமுக்கினேன், ஸ்கிரீன் பளிச்சென்று ஆனது. பேமென்ட் போட எஃப்5, 'பேசுங்கள், எழுதுகிறேன்' என்று மைக் வந்து நின்றது. விற்பனைக்கு எஃப்8 அமுக்கியதும் பாட்டு! மச்சினன் ஏற்றி வைத்திருந்த குத்துப்பாட்டு, ஃபுல் வால்யூமில். பையன் ஓடிவந்து ஆட ஆரம்பித்துவிட்டான். செட்டிங்ஸில் கீபோர்டுக்குள் போய் 'எஃப்1, எஃப்2 முதலியவற்றைச் சாதாரணச் சாவிகளாகப் பயன்படுத்து' என்பதை டிக் செய்த பிறகுதான் மில் ஓடியது. ஆல்ட்டுக்கு ஆப்ஷன் சாவி. நம்பர் பேட் இல்லை என்பதுதான் கடைசி வரைக்கும் ஆறாத புண். மூன்று நாள் பில்லை மேல் வரிசை எண்களில் தட்டிப் பாருங்கள், பி.காம். படித்ததே வீண் என்று தோன்றும்.

மாட்டுப் பொங்கலன்று ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டாக் சம்மரி வந்தது. நெல், அரிசி, நொய், தவிடு, உமி. சிங்கப்பூர் சுற்றிவந்த பெட்டியில் இத்தனையும் வரிசையாக நின்றது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அரிசியில் மட்டும் 25 கிலோ மூட்டை தனி, 26 கிலோ மூட்டை தனி. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்கும் பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டதும், ஊரெல்லாம் 26 கிலோ மூட்டை பிறந்த கதை தனிக் கட்டுரைக்கு ஆகும். பி.டி.எஃப். எடுத்து, வியாழக்கிழமை பிரின்ட் போட்டு, வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு பேங்க்கில் கொடுத்தார் அண்ணன். சனிக்கிழமை மூன்று வண்டி நெல்லும் இறங்கியது. நான் போய்ப் பார்த்தேன். மூன்றாவது வண்டியோடு வந்த பெரியவர் நோட்டை இரண்டு தரம் எண்ணி, மடித்து, டவுசர் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

எல்லாம் ஜெயம் என்று நினைக்காதீர்கள். மில் பிரைவேட் லிமிடெட். கம்பெனி என்றால் ஜி.எஸ்.டி.ஆர்-3பி-யில் ஓ.டி.பி. வைத்து ஒப்பேற்ற முடியாது, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டினேன். விண்டோஸ் ஒன்றும் தெரியாத மாதிரி பார்த்தது. விஷயம் இதுதான்: ஆர்ம் விண்டோஸ் சாதாரண புரோகிராம்களைத்தான் மொழிபெயர்க்கும். டிரைவர் என்று அடிவயிற்றில் வேலை செய்யும் சமாச்சாரம் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். என் டோக்கனுக்கு அப்படி எழுதியவர் யாருமில்லை. பழைய பிரின்டர், எடை மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதி நேரலாம். எனக்கு நல்ல காலம், அந்த மாதம் 20ஆம் தேதி கெடுவை 22 வரைக்கும் நீட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை தில்லைநகரில் ஆடிட்டர் ஆபீஸ் திறந்ததும் போய் அங்கே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்கு இரண்டு நிமிஷம், வண்டியை நிறுத்த இடம் தேட இருபது நிமிஷம்.

டெஸ்க்டாப் புது மதர்போர்டோடு திரும்பி வந்துவிட்டது. கணக்கு அதில்தான். 14 நாள் முடிந்ததும் பேரலல்ஸுக்கு வருஷா வருஷம் பணம் கட்ட மனசு வராமல், விண்டோஸை வி.எம்.வேர் ஃப்யூஷனில் வைத்திருக்கிறேன். 2024 நவம்பரிலிருந்து அது எல்லோருக்கும் இலவசம். விண்டோஸ் லைசென்ஸ் மட்டும் தனிக் காசு. மாதம் ஒருமுறை திறந்தால் அரைமணி அப்டேட் கேட்கிறது. எப்போதோ வரும் விருந்தாளி, வந்தால் வெந்நீர் கேட்காமலா இருப்பார்?

மண்ணச்சநல்லூர் முழுக்க விஷயம் பரவிவிட்டது. போன வாரம், ஸ்ரீரங்கத்தில் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் எங்கள் தெருப் பையன் வந்தான். தவணையில் மேக் வாங்கப் போகிறானாம். "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஆபீஸ்ல என்னென்ன திறக்கிறியோ, ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு வா" என்றேன். மறுநாள் கொண்டு வந்தான். டேலி, டோக்கன், மேக்ரோ போட்ட எக்செல், பழைய லேசர் பிரின்டர், இன்னும் இரண்டு. பேப்பரை அவனே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விண்டோஸ் போடாம இதுல எதுண்ணே ஓடும்?"

"எஃப்8 அமுக்கு, பாட்டு ஓடும்."